பெட்ரோல் காரா, மின்சாரக் காரா? கணக்கை லிட்டரில் போட்டுப் பார்ப்போம்

கேள்வி: என்னிடம் உள்ள பெட்ரோல் காருக்கு 11 வயதாகிவிட்டது, இனி மாற்றியே ஆக வேண்டும். வேலை நாட்களில் அலுவலகம் போய்வர 44 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மாதம் ஒரு முறை பெற்றோரைப் பார்க்கப் போய்வர 280 கிலோமீட்டர் ஆகிறது. இப்போதைய காரின் மைலேஜ் லிட்டருக்கு 15. மின்சாரக் கார் வாங்கினால் பெட்ரோல் செலவு அப்படியே மிச்சம் என்கிறார் அண்ணன். எட்டு ஆண்டில் பேட்டரி போய்விடும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே சரியாகிவிடும் என்கிறார் அப்பா. இருவர் சொல்வதும் சரியாகவே தெரிகிறது. நான் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில். வண்டி நிறுத்த எனக்கென்று இடம் உண்டு, ஆனால் அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. மொத்தச் செலவில் எது குறைவு?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அண்ணன் ஓட்டும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டார். அப்பா பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டார். வண்டியை வாங்கும் நாளில் தொடங்கி விற்கும் நாள்வரை கையைவிட்டுப் போகும் பணம் முழுவதையும் இருவருமே கூட்டிப் பார்க்கவில்லை. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் வண்டிகளின் செலவுக் கணக்கைப் பார்த்துத் தருவதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் விடையைத் தீர்மானிக்கும் வரி, போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, “அங்கே பிளக் பாயின்ட் கிடையாது” என்று, அந்த வரிதான். அது ஏன் என்பதைக் கணக்கோடு விளக்குகிறேன்.

பணத்தில் கணக்குப் போட்டால் அடுத்த விலையேற்றத்திலேயே அது பழசாகிவிடும். ஆகவே இந்தப் பதில் முழுவதிலும் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஒரு செலவு 200 லிட்டர் என்று எழுதினால், 200 லிட்டர் பெட்ரோல் வாங்க ஆகும் பணம் என்று பொருள். உங்கள் கைக்கு வரும் விலைப்பட்டியல்களையும் மின்கட்டண ரசீதையும் இதே போல லிட்டர் விலையால் வகுத்துக்கொண்டால் என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஓட்டும் செலவு. மாதம் 22 வேலை நாட்கள் என்று கொண்டால், பெற்றோர் வீட்டுப் பயணத்தையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 15,000 கிலோமீட்டர் வருகிறது. லிட்டருக்கு 15 என்றால் ஆண்டுக்கு 1,000 லிட்டர். இந்த 15 என்பது நிறுவனம் அச்சிட்ட எண்ணா, நீங்களே டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்த எண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. அச்சிட்ட எண்ணாக இருந்தால் தயவுசெய்து ஒரு மாதம் அளந்து பாருங்கள். நெரிசலில் ஓடும் பெட்ரோல் கார் அந்த எண்ணைத் தொடுவது அரிது.

மின்சாரக் கார் ஒன்று, நடுத்தர அளவுள்ளதாக இருந்தால், சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. சுவரிலிருந்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சார்ஜருக்கென்று தனி மீட்டர் வைத்திருந்த ஒருவரின் வண்டியை ஒரு முறை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வண்டியின் திரை, பேட்டரிக்குள் 30 யூனிட் ஏறியதாகக் காட்டியது. சுவர் மீட்டர் 34 யூனிட் ஓடியிருந்தது. இடையில் உள்ள 4 யூனிட் சார்ஜரின் வெப்பமாகவும், கேபிளின் வெப்பமாகவும், விழித்திருக்கும் வண்டியின் மின்னணுப் பாகங்களுக்கு ஆன செலவாகவும் போய்விட்டது. வீட்டில் மெதுவாக ஏற்றும்போது 10 முதல் 15 சதவீதம்வரை இப்படிப் போவது வழக்கமே. கட்டணம் கட்டுவது சுவர் மீட்டருக்கு என்பதால், வண்டித் திரை காட்டும் சிக்கனத்தை அப்படியே நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

ஆக, நீங்கள் 1,000 லிட்டரில் ஓட்டும் தூரத்தை மின்சாரக் கார் 2,500 யூனிட்டில் ஓட்டும்; ஒரு லிட்டருக்கு ஈடு இரண்டரை யூனிட். இது ஏதோ தற்செயலாக வந்த எண் அல்ல. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட்டுக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. ஆனால் என்ஜின் அதில் பெரும்பகுதியை ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாக வெளியே விட்டுவிட்டு, கால்பங்கு அளவைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மின்மோட்டாரோ தனக்கு வந்ததில் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டிச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. வேகத்தைக் குறைக்கும்போது கொஞ்சம் திரும்பவும் பேட்டரிக்கு எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டரை என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் விலைக்கு உங்களால் இரண்டரை யூனிட்டுக்கு மேல் எத்தனை யூனிட் வாங்க முடிகிறதோ அந்த அளவுக்குத்தான் மின்சாரக் காரின் லாபம். அதற்குக் கீழே போனால் ஓட்டும் செலவிலேயே நஷ்டம்.

எத்தனை யூனிட் வாங்க முடியும் என்பது எங்கே சார்ஜ் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, வீட்டுக் கட்டணத்தில் ஒரு லிட்டர் விலைக்கு 10 யூனிட்டும், சாலையோர விரைவு சார்ஜிங்கில் அதே விலைக்கு 4 யூனிட்டும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். விரைவு நிலையத்துக்கு இடவாடகை, பெரிய மின்இணைப்பு, விலையுயர்ந்த இயந்திரம் எல்லாம் உண்டு என்பதால், வீட்டு விலையைப்போல இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ வாங்குவது பரவலாகக் காணப்படுவதுதான். அலுவலக ஓட்டத்துக்கு நாளொன்றுக்கு ஏழரை யூனிட்டுக்கும் குறைவாகவே வேண்டும். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் தரும் சாதாரண பிளக்கே அதை மூன்றேகால் மணி நேரத்தில் ஏற்றிவிடும். பெற்றோர் வீட்டுப் பயணத்தின்போது வழியில் ஒரு முறை 25 யூனிட் விரைவு சார்ஜ் என்று கொண்டால் ஆண்டுக்கு 300 யூனிட். மீதி 2,200 யூனிட்டை வீட்டில் ஏற்றினால் அதற்கு 220 லிட்டர், விரைவு சார்ஜுக்கு 75 லிட்டர், மொத்தம் 295 லிட்டர். ஆண்டுக்கு 705 லிட்டர் மிச்சம்.

வீட்டில் பிளக் இல்லாமல் எல்லாவற்றையும் வெளியே ஏற்றினால் அதே 2,500 யூனிட்டுக்கு 625 லிட்டர் ஆகிவிடும். மிச்சம் 375 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. வண்டி அதே வண்டி, சாலை அதே சாலை. மிச்சம் மட்டும் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

வீட்டுக் கட்டணம் என்று சொல்லும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ரசீதின் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, அதுதான் யூனிட் விலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் மின்கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் இருந்தால், காருக்காக மாதம் கூடுதலாக வரும் 180 யூனிட்டுகளும் மேல்படியில்தான் போய் உட்காரும். அந்த மேல்படியின் விலையைத்தான் காருக்கு எழுத வேண்டும். இதற்கு நேர்மாறாக, இரவு நேரத்துக்குக் குறைந்த கட்டணம் உள்ள இடமாக இருந்தாலோ கூரையில் சூரிய மின்தகடு இருந்தாலோ, கணக்கு உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்ரோல் காருக்கு என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், சில வண்டிகளில் டைமிங் பெல்ட், கியர் வண்டியானால் ஒரு கட்டத்தில் கிளட்ச் என்று வரிசையாக வரும். மின்சாரக் காரில் இவை எதுவும் கிடையாது. மோட்டாரே வேகத்தைத் தணிப்பதால் பிரேக் பேடும் நெடுநாள் வரும். ஆனால் செலவே கிடையாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். பிரேக் ஆயில், கூலன்ட், உள்காற்று ஃபில்டர், சஸ்பென்ஷன் எல்லாம் அங்கேயும் உண்டு. விளக்கையும் பூட்டையும் கணினியையும் இயக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் தனியாக உண்டு. அது சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது என்பதே பல உரிமையாளர்களுக்கு வண்டி எழாமல் நின்ற அன்றுதான் தெரிகிறது. பேட்டரியின் எடையாலும் மோட்டாரின் உடனடி இழுவையாலும் டயர் சற்று விரைவாகத் தேயும். வண்டியின் விலை கூடுதல் என்பதால் இன்சூரன்ஸும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பராமரிப்பில் ஆண்டுக்கு 150 லிட்டர் மிச்சம், டயரிலும் இன்சூரன்ஸிலும் 100 லிட்டர் கூடுதல் என்று வைத்து, நிகரமாக 50 லிட்டர் மட்டுமே மிச்சம் என்று எழுதிக்கொள்கிறேன். வீட்டில் சார்ஜ் செய்பவருக்கு ஆக மொத்தம் ஆண்டுக்கு 755 லிட்டர்; எட்டு ஆண்டுக்கு 6,040 லிட்டர்.

இனி உங்கள் அப்பாவின் கவலைக்கு வருகிறேன். அது வீண் கவலை அல்ல. ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. 45 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி ஒரு முழுச் சார்ஜில் 300 கிலோமீட்டர் தரும் என்றால், எட்டு ஆண்டில் நீங்கள் ஓட்டும் 1,20,000 கிலோமீட்டருக்கு 400 முழுச் சுற்றுகள் போதும். இன்று கார்களில் வரும் லித்தியம் பேட்டரிகள் ஆயிரம் சுற்றுகளைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. இரும்பு பாஸ்பேட் வகை அதற்கும் மேலே தாங்கும். ஆகவே ஓட்டத்தால் தேய்வதைவிட, வயதாலும் வெப்பத்தாலும் தேய்வதுதான் உங்களுக்குப் பொருட்டு. பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர்வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று வாரண்டி தருகின்றன. மிக மோசமாகப் போய் அந்த 70 சதவீதத்திலேயே நின்றாலும் முழுச் சார்ஜுக்கு 210 கிலோமீட்டர் மிஞ்சும். உங்கள் அன்றாடத் தேவை 44. பெற்றோர் வீட்டுப் பயணத்தில் இன்னொரு முறை நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவே. எட்டாம் ஆண்டு முடிந்த மறுநாள் பேட்டரியைத் தூக்கி எறிய வேண்டும் என்ற எண்ணம், வாரண்டி முடியும் நாளை ஆயுள் முடியும் நாளாகப் புரிந்துகொண்டதால் வந்தது.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பேட்டரி வண்டியின் அடித்தளத்தில் இருக்கிறது. கல்லில் இடித்தோ பெருவெள்ளத்தில் நின்றோ அது சேதமானால் வாரண்டி உதவாது, இன்சூரன்ஸ்தான் உதவ வேண்டும். பாலிசியில் பேட்டரிக்குத் தனி வரி இருக்கிறதா, அடிப்பகுதி அடிபட்டால் முழு மதிப்பும் கிடைக்குமா, தேய்மானம் கழித்துக் கொடுப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்பதையும் அப்போதே கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் விற்கும்போது கிடைக்கும் விலை அதைப் பொறுத்தும் இருக்கிறது.

விற்கும் விலை என்றதும் இந்தக் கணக்கின் மிகப் பெரிய செலவுக்கு வந்துவிட்டோம். கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோலை மாதாமாதம் உணர்கிறார்கள். தேய்மானத்தையோ விற்கும் நாளில் ஒரே ஒரு முறைதான் உணர்கிறார்கள். உண்மையில் பல கார்களுக்கு எரிபொருளைவிடத் தேய்மானமே பெரிய தொகை. மின்சாரக் கார்களின் மறுவிற்பனை விலை பல சந்தைகளில் பெட்ரோல் கார்களைவிட வேகமாக இறங்கியிருக்கிறது. 2010க்குப் பிறகு பேட்டரியின் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதால், புதிய வண்டி மலிவாகவும் கூடுதல் தூரம் போவதாகவும் வந்துகொண்டே இருக்கிறது. பழைய வண்டிக்கு அதே விலையை யார் கொடுப்பார்கள்? பேட்டரி எந்த நிலையில் இருக்கிறதோ என்ற வாங்குபவரின் அச்சமும் விலையை இறக்குகிறது. ஒரே ஆண்டில் வாங்கிய, ஒரே மாதிரியான இரண்டு வண்டிகளைச் சோதித்தபோது, இரவில் வீட்டில் மெதுவாக 80 சதவீதம்வரை மட்டும் ஏற்றி ஓட்டிய வண்டியின் பேட்டரி தெளிவாகவே நல்ல நிலையில் இருந்தது. தினமும் விரைவு சார்ஜில் முழுக்க நிரப்பிய வண்டி பின்தங்கியிருந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வாங்க வருபவர் அந்த வேறுபாட்டை அறிய வழியில்லாதபோது, இரண்டுக்குமே குறைந்த விலையைத்தான் சொல்வார். பேட்டரி ஆரோக்கியச் சான்றை ஆண்டுதோறும் சர்வீஸில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்கும் நாளில் அந்தத் தாள்கள் உங்களுக்காகப் பேசும்.

இப்போது மறுபக்கத்தைக் கூட்டுவோம். வரி, மானியம், பதிவு எல்லாம் சேர்ந்த இறுதி விலையில் மின்சாரக் கார் 4,000 லிட்டர் கூடுதல் என்று கொள்கிறேன். அந்தக் கூடுதல் தொகையை 8 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் வட்டி மட்டும் 870 லிட்டர். நிறுத்துமிடத்துக்கு மின்இணைப்பு இழுக்க 200 லிட்டர். எட்டாம் ஆண்டு விற்கும்போது பெட்ரோல் காரைவிட 800 லிட்டர் குறைவாகவே கிடைக்கிறது என்று கடுமையாகவே வைத்துக்கொள்கிறேன். கூட்டினால் 5,870 லிட்டர். மிச்சம் 6,040. வித்தியாசம் 170 லிட்டர், அதாவது எட்டு ஆண்டு முடிவில் உங்களுக்கு இரண்டு மாதப் பெட்ரோல் லாபம். இரண்டும் சமம் என்றே இதைச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் இருவர் சொல்வதும் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

சமமாக நிற்கும் தராசில் சிறிய எடையும் பெரிதாகத் தெரியும். வீட்டுப் பிளக் இல்லை என்றால் இதே எட்டு ஆண்டில் 2,270 லிட்டர் நஷ்டம். பிளக் இருந்து, வண்டியைப் பத்து ஆண்டு ஓட்டினால் 1,680 லிட்டர் லாபம். விலை வித்தியாசம் 4,000 லிட்டராக இல்லாமல் 2,500 லிட்டராக இருந்தால், எட்டு ஆண்டிலேயே ஏறக்குறைய 2,000 லிட்டர் லாபம். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 3,900 லிட்டர்வரை லாபம். 8,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடுபவருக்கு, வீட்டில் பிளக் இருந்தாலும் நஷ்டமே. குறைவாக ஓட்டுபவர்கள் பெட்ரோலை மிச்சப்படுத்தவே மின்சாரக் கார் வாங்குவதாகச் சொல்லும்போது நான் அவர்களைத் தடுத்துவிடுவது வழக்கம். மிச்சப்படுத்த அவர்களிடம் போதிய பெட்ரோல் செலவே இல்லை.

ஓட்டும் விதத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் சிக்கனமாகவும் நெரிசலில் ஊதாரியாகவும் ஓடும். மின்சாரக் கார் இதற்கு நேர் எதிர். சிக்னலில் நிற்கும்போது மோட்டார் எதையும் எரிப்பதில்லை, ஆனால் வேகம் கூடக்கூட எதிர்காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக வளர்ந்து பேட்டரியை உறிஞ்சுகிறது. உங்கள் ஓட்டத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அன்றாட அலுவலக ஓட்டம் என்பதால் இது உங்களுக்குச் சாதகம். முழுக்க நெடுஞ்சாலையிலேயே ஓடும் ஒருவருக்கு இதே எண்களைச் சொல்லியிருக்க மாட்டேன்.

என் ஆலோசனை இது. பழைய காரைப் 11 ஆண்டு வைத்திருந்தவர் நீங்கள்; புதியதையும் அப்படியே வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் மின்சாரக் காருக்குப் பொருந்துகிறது. ஆகவே உங்கள் நிறுத்துமிடத்தில் பிளக் கிடைக்குமானால் மின்சாரக் காரையே வாங்குங்கள். கிடைக்காது என்றால் இந்த முறை நல்ல மைலேஜ் தரும் பெட்ரோல் காரை வாங்குங்கள், அதில் தயங்க ஒன்றுமில்லை. எப்படியும் ஏற்பாடு செய்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வண்டியை முதலில் எடுத்துவிட்டு, பிறகு வாரம் இரண்டு முறை விரைவு சார்ஜிங் நிலையத்தில் காத்திருப்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்குப் பணமும் மிச்சமில்லை, நேரமும் மிச்சமில்லை.

ஷோரூமுக்குப் போகும் முன் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் சொந்த மீட்டரிலிருந்து நிறுத்துமிடத்துக்குத் தனிக் கேபிள் இழுக்க அனுமதி உண்டா, இல்லையேல் பொது மீட்டரிலிருந்து துணைமீட்டர் வைத்துத் தருவார்களா, பொது மீட்டரானால் யூனிட்டுக்கு எந்தக் கட்டணம் என்று கேளுங்கள். பொது இணைப்புக்கு வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம் வாங்கும் இடங்கள் உண்டு. தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் இணைப்பு சரியாக உள்ளதா, கேபிளின் தடிமன் பல மணி நேரம் தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்தைத் தாங்குமா என்று பார்க்கச் சொல்லி மதிப்பீடு வாங்குங்கள். சங்கத்தின் பதிலையும் அந்த மதிப்பீட்டையும் எழுத்தில் கையில் வாங்கிய பிறகே எந்த வண்டிக்கும் முன்பணம் கட்டுங்கள்.